பின்நன்னூல்: மூவூர்க் கல்விக்கு ஒரு பொதுப்பாயிரம்

பவணந்தி முனிவர் எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொல்லப் புகுமுன் கல்வி என்ற விவகாரத்தையே ஒரு கை பார்த்துவிடுகிறார். நூல் எது, ஆசிரியர் யார், பாடம் சொல்வது எப்படி, மாணவர் யார், பாடம் கேட்பது எப்படி என்று ஐந்து கூறு போட்டுப் பொதுப்பாயிரம் பாடிவிட்டுத்தான் உள்ளே போகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் நன்னூல் பிறந்தது. இந்த நூலை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூவூரின் வகுப்பறைகளுக்குள் பின்நவீனத்துவம் புகுந்து செய்திருக்கும் வேலைக்கு இலக்கணம் இல்லாதிருப்பது தமிழுக்கே குறை. அக்குறை நீக்கவே இது எழுந்தது.

எல்லை கூறுதும்: கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், வடக்கே புழல் ஏரிக்கரை, தெற்கே பூவிருந்தவல்லி டிரங்க் ரோடு. இதற்கு அப்பால் நடப்பதற்கு இந்நூல் பொறுப்பன்று.

நூல் இயல்

பாரிசில் முளைத்தது முதனூல், அதனைச்
சிற்றிதழ் சுமந்தது வழிநூல், சுற்றறிக்
கையாய்க் கிழிந்தது சார்பெனப் படுமே.

இதன் உரை: முதல்நூல் ழான் பிரான்சுவா லியோதார் 1979இல் வெளியிட்ட 'பின்நவீன நிலை'. கலகக்காரர் ஒருவர் பாரிஸ் காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதியது என்று நம் இலக்கிய வட்டத்தில் பலருக்கு ஒரு நினைப்பு. கனடாவின் கியூபெக் மாகாணப் பல்கலைக்கழக மன்றம், வளர்ந்த நாடுகளில் அறிவின் நிலை என்ன என்று கேட்டு எழுதி வாங்கிய அறிக்கை அது. நம்மூர் வழக்கில் கல்வித் துறைக் கோப்பு. மானுட விடுதலை, முன்னேற்றம் போன்ற பெருங்கதையாடல்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அதில் லியோதார் எழுதினார். கூடவே இன்னொன்றும் எழுதினார்: இனி அறிவு விற்பதற்காகவே உண்டாக்கப்படும், 'இது உண்மையா' என்ற கேள்வி போய் 'இதனால் என்ன பயன், இது விலை போகுமா' என்ற கேள்வி வரும், தரவு வங்கிகள் பெருகப் பெருகப் பேராசிரியருக்கு வேலை குறையும். முதல் பாதியை மேற்கோள் காட்டியவர் ஆயிரம் பேர். இரண்டாம் பாதியைக் காரியத்தில் காட்டியவர் முகப்பேரிலேயே பலர்.

இதே வரிசையில் மிஷெல் ஃபூக்கோ (1975: சிறையும் பள்ளியும் ஒரே தச்சன் செய்தவை), ரோலான் பார்த் (எழுதியவன் செத்தான், வாசகன் பிழைத்தான்), ழான் போத்ரியார் (1981: அசல் இல்லாத நகல்), ழில் தெலூஸ் (1990: பள்ளி முடியும், பயிற்சி முடியாது) ஆகியோரையும் கொள்க.

வழிநூல் தமிழ்ச் சிற்றிதழ்களில் பட்டது. தமிழவன் 1982இல் 'ஸ்டரக்சுரலிசம்' எழுதி வாசலைத் திறந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோரின் 'நிறப்பிரிகை' வந்தது. எம்.ஜி. சுரேஷ் நாவலும் எழுதி, பின்நவீனத்துவம் என்றால் என்ன என்று விளக்கமும் எழுதினார். இவர்களில் மார்க்ஸ் அரசுக் கல்லூரிகளில் இயற்பியல் நடத்தியவர் என்பதைக் கவனிக்க. அந்த நாளில் அவர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது: பாடப்புத்தகத்தில் இருப்பது யாருடைய அறிவு? அதில் யார் இல்லை? யார் சேரியில் நின்று அதை வாசிக்கிறார்கள்? கேள்வி நல்ல கேள்வி. கேட்டவர்களுக்குள் சண்டை மூண்டு இதழ் நின்றதும், கேள்வி தேநீர்க் கடையோடு தங்கிவிட்டதும் வேறு கதை.

சார்புநூல் என்பது மேலிருந்து வருவது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, யஷ்பால் தலைமையில் உருவானது, அறிவைக் குழந்தை தானே கட்டிக்கொள்கிறது என்றது. இது பியாஜே, விகோட்ஸ்கி வழி வந்த கட்டமைப்புவாதம். பின்நவீனத்துவம் அன்று என்று மரபறிந்தோர் மறுப்பர். மறுப்பு சரிதான். ஆனால் டெல்லியிலிருந்து ஆவடி வட்டார வள மையம் வரை வருவதற்குள் எல்லாத் தத்துவமும் ஒரே நிறமாகிவிடும். 2015இல் பி.எட். படிப்பு இரண்டாண்டாக நீண்டபோது இடம் நிரப்பக் கூடுதலாகச் சில பக்கங்கள் தேவைப்பட்டன. இருத்தலியலுக்கும் பயன்வழிக் கொள்கைக்கும் பக்கத்தில், கட்டவிழ்ப்பு சொன்ன தெரிதாவும் கைடு புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தார். ஐந்து மதிப்பெண், குறுவினா.

லியோதார் எழுதியது நிலைமை பற்றிய குறிப்பு. கேஸ் ஷீட்டை மருந்துச் சீட்டு என்று நினைத்து மருந்துக் கடையில் நீட்டியது போல, அதை நாம் செயல்திட்டமாகக் கொண்டோம். இந்நூல் முழுவதற்கும் இந்த ஒரு நோயே காரணம் என்று அறிக.

ஆசிரியர் இயல்

பாடஞ் சொன்னார் பண்டை ஆசான்;
பதிவேற் றுவாரே இற்றை ஆசான்.

ஆசிரியராகத் தகாதவரை நன்னூல் நான்காகச் சொல்லும். அவை இன்றும் வழக்கொழியாமல் இருப்பது பவணந்தியின் தீர்க்கதரிசனம்.

கழற்குடம்: கழற்சிக் காய் போட்டு வைத்த குடம். போட்ட வரிசையில் வெளியே வராது. ஸ்மார்ட் போர்டில் யாரோ செய்த படக்காட்சியை ஓட்டி, பதினேழாம் பக்கத்துக்கு அடுத்து மூன்றாம் பக்கம் வரும்போது 'இதுவும் முக்கியம்தான்' என்பவர். மடற்பனை: தானாகக் காய் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஏறிப் பறிக்க முடியாது. பருத்திக் குண்டிகை: அடைப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். இவ்விரண்டுக்கும் எடுத்துக்காட்டு வேண்டியவர் மூவூரில் இல்லை.

முடத்தெங்குதான் உரைக்குரியது. ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, வளைந்து போய் அடுத்த வீட்டில் காய் தள்ளும் தென்னை. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை ஒரு பள்ளியின் தண்ணீரைக் குடித்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு இன்னொரு தெருவின் மாடியில், அதே பிள்ளைகளுக்கு, அதே பாடத்தைப் புரியும்படி நடத்துபவர். எழுநூறு ஆண்டுக்கு முன்பே ட்யூஷனுக்கு உவமை சொன்ன இலக்கணம் உலகில் வேறு மொழியில் உண்டா என்று தெரிந்தோர் கூறுக.

இந்நான்கோடு இற்றை நாளில் இரண்டு சேரும். ஒன்று ஃபெசிலிடேட்டர். இவர் பாடம் சொல்லமாட்டார். பிள்ளைகள் தாமே கண்டடைவதற்குத் துணை நிற்பார். வருடம் முழுக்க எதையும் கண்டடையாத பிள்ளையின் பெற்றோர் வந்து கேட்டால், கற்றல் ஒரு பயணம் என்பார். பேராசிரியரின் காலம் முடிந்தது என்ற லியோதாரை இவர் வாசித்ததில்லை. வாசிக்காமலே கடைப்பிடிப்பது தனிச் சிறப்பு.

இரண்டாமவர் செயலிவாய்ப்பட்டார். இவர் அரசுப் பள்ளியில் இருப்பவர், இவர்மேல் குற்றமில்லை, இரக்கமே உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்னும் அரசுத் தரவுத்தளத்தில் ஓர் எண் உண்டு. வருகை அதில் ஏறவேண்டும், காலணி கொடுத்தது ஏறவேண்டும், எடை, உயரம், தேர்வு, பயிற்சி எல்லாம் ஏறவேண்டும். தேர்வு என்பது ஒவ்வொருவரையும் கோப்புள்ள ஒரு 'கேஸ்' ஆக்கும் கருவி என்று ஃபூக்கோ எழுதினார். அவர் 1984இல் இறந்தார். இருந்திருந்தால், சர்வர் வேலை செய்யாத காலை ஒன்பதரை மணிக்கு அலைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி சிக்னல் தேடும் ஓர் இடைநிலை ஆசிரியையைப் பார்த்திருப்பார். கண்காணிக்கும் அதிகாரத்துக்கே டவர் கிடைக்காத நிலையை அவர் கோட்பாடு கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. 'எங்களைப் பாடம் நடத்த விடுங்கள்' என்பது ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுதோறும் வைக்கும் கோரிக்கை. தமிழில் எழுதப்பட்ட அதிகார விமர்சனங்களுள் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

பாடஞ்சொல்லல் இயல்

வரிசையும் வட்டமும் பகரமும் மூன்றே
இருக்கை வகையென இயம்பினர், நான்காய்
மேலிருந்து நோக்கும் கேமரா உளதே.

வரிசை: பெஞ்சு, முன் பெஞ்சு, கடைசி பெஞ்சு. ஃபூக்கோ பிரெஞ்சுப் பள்ளிகளில் பார்த்து வியந்த ஒழுங்கு. அதில் ஒரு கூறான, மாணவனே மாணவனை மேய்க்கும் முறைக்கு ஊற்று எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது எழும்பூரில் வந்து நிற்கும். 1789இல் சென்னை இராணுவ ஆண் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு அதைக் கைக்கொண்டார். 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறி, பிரான்சில் குடியேறி, தத்துவமாகித் திரும்பி வந்திருக்கிறார். பாடியில் இறங்கியபோது அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

வட்டம்: இதைச் சற்று நின்று பார்க்க. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷி வேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்துச் சில மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தது செயல்வழிக் கற்றல். 2007இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அந்த வகுப்பறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெஞ்சு கிடையாது, பாய். சுவரைச் சுற்றிப் பிள்ளையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் கிளிப் போட்டுத் தொங்கும். ஏணிப்படி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அதற்குரிய படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தன் குழுவில் உட்காரும். வருகையைக்கூட அதுவே பதிந்துகொள்ளும். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை ஐந்தாம் நாள் வந்தால், விட்ட படியிலிருந்து ஏறலாம். அதற்காக வகுப்பு காத்திருக்க வேண்டியதில்லை, அதுவும் வகுப்பைத் துரத்த வேண்டியதில்லை.

பெருங்கதையாடலுக்கு மாற்றாக லியோதார் சொன்ன சிறுகதையாடல் எங்காவது கையில் தொடும்படி இருந்தது என்றால் அந்த அட்டைத் தட்டில்தான் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? அட்டை கிழிந்தது, புது அட்டை வரத் தாமதமாயிற்று. மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் எல்லாப் பிள்ளையும் ஒரே படியில் நிற்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்தது. 'ஸ்கூல்ல பாடமே நடத்தறதில்ல, கார்டு விளையாட விடறாங்க' என்று சொல்லிப் பெற்றோர் டி.சி. வாங்கிப் பக்கத்து ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே பெஞ்சு இருந்தது. அவர்கள் கேட்டது பெஞ்சுதான்.

பகரம்: 2025 ஜூலையில், கடைசி பெஞ்சே இருக்கக்கூடாது என்று 'ப' வடிவில் பிள்ளைகளை உட்காரவைக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து அறிவுறுத்தல் வந்தது. தூண்டுதல் ஒரு மலையாளப் படம், 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்'. பக்கவாட்டில் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கும் என்றனர் சிலர். ஐம்பது பிள்ளைகளை இருபதடிக்கு இருபதடி அறையில் ப-வாக வளைப்பது எப்படி என்றனர் சிலர். பின்பெஞ்சுக்காரர்களின் கருத்து எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் ப-வின் இரண்டு முனைகளிலும் இடம் பிடித்திருப்பார்கள் என்பது இந்நூலாசிரியரின் துணிபு.

கேமரா: தனியார் பள்ளிச் சேர்க்கைத் தாளில் 'சிசிடிவி வசதியுள்ள வகுப்பறைகள்' என்பது நீச்சல் குளத்துக்கு அடுத்த வரியில் வரும். சிறைக்கெனப் பெந்தாம் திட்டமிட்டதும் ஃபூக்கோ அஞ்சியதுமான காவல் கோபுரத்துக்கு இங்கே பெற்றோர் தனிக் கட்டணம் கட்டுகிறார்கள்.

மாணாக்கர் இயல்

எருமையென் றிகழ்தல் இற்றைநாட் குற்றம்;
அரும்பென எழுதி அனுப்புக மேலே.

நன்னூல் மாணவரை எட்டாக்கும். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை. பிள்ளைகளை ஆடு மாடு என்பதா என்று இன்று கேட்போம். சரி. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை மூன்றாக்கியது: அரும்பு, மொட்டு, மலர். கொரோனாவில் எழுத்து மறந்துபோன பிள்ளைகளுக்கு அது உதவியது என்பதை மறுக்கவில்லை. பெயரும் அழகு. ஆனால் 'உன் புள்ள இன்னும் அரும்புலதான் இருக்குது' என்று கேட்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, எருமை வேறு வேடத்தில் வந்திருப்பது தெரியும். வகைப்படுத்தலை ஒழிக்கப் புறப்பட்ட எந்தத் தத்துவமும் வகையின் பெயரை மட்டுமே மாற்றுகிறது. வகை பிரித்தே பிழைக்கும் இந்நூலுக்கு இதில் வருத்தமில்லை.

இனி மூவூர் மாணவரில் சிறப்பு வகை மூன்று.

ஃபவுண்டேஷன் பிள்ளை: ஆறாம் வகுப்பிலேயே ஐஐடிக்கு அடித்தளம் போடுபவன். ஏழு வருட அடித்தளம். வீடு எப்போது கட்டுவார்கள் என்று கேட்கக்கூடாது. தெலூஸ் சொன்ன முடிவில்லாப் பயிற்சி, தவணைக் கட்டணத்தில்.

பேனர்ப் பிள்ளை: 2017இல் தமிழக அரசு பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில, மாவட்ட முதலிடப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. நல்ல முடிவு, தொலைக்காட்சிக் கேமராக்கள் தப்பித்தன. பட்டியல் போயிற்று, முதலிடம் போகவில்லை. முடிவு வந்த மறுநாள் ஜே.ஜே. நகரிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரை பேருந்தில் வந்தால், எத்தனை நிறுவனம் உண்டோ அத்தனை முதலிடம். பாடவாரி முதலிடம், கிளைவாரி முதலிடம். ஒரே பிள்ளையின் முகம் பள்ளியின் பேனரிலும் உண்டு, கோச்சிங் சென்டரின் பேனரிலும் உண்டு. அசலே இல்லாத நகல் என்றார் போத்ரியார். இங்கே அசல் உண்டு. அது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டு வருடமாகத் தூங்காததால்.

மொழிபெயர்ப்புப் பிள்ளை: அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசாத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தன்று டீச்சருக்கு இந்தி தெரியாது, அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் பையன். 'இவன் வீட்டுப்பாடமே எழுதறதில்ல, வகுப்புல ஒரே பேச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுடா' என்கிறார் டீச்சர். பையன் சொல்கிறான். அம்மா பெருமையாகச் சிரித்து டீச்சரைக் கும்பிடுகிறார். பொருள் மொழியிலிருந்து மொழிக்குப் போகையில் வழுக்கும், ஒத்திப்போகும் என்று தெரிதா பல நூறு பக்கங்களில் நிறுவியதை, நான்காம் வகுப்புப் பையன் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

பாடங்கேட்டல் இயலுக்கு நூற்பா இல்லை. அது வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது.

புறனடை

பெருங்கதை ஒழிந்தது என்மனார் பிரெஞ்சர்;
ஒழிந்தது இலதே, தவணையின் விற்றார்
அம்பத் தூரார் என்மரும் உளரே.

லியோதார் பெருங்கதை செத்ததாகச் சொன்ன காலத்துக்கு இருபத்து நான்கு ஆண்டு முன்னால், 1955 ஜனவரியில், பெருங்கதை ஒன்று எங்கள் எல்லைக்குள்ளேயே மேடை போட்டுச் சொல்லப்பட்டது. ஆவடி காங்கிரஸ், சோஷலிச பாணி சமுதாயத் தீர்மானம். தலைமை யு.என். தேபர், மாநிலத்தில் முதலமைச்சர் காமராசர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ராஜாஜியின் 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டிருந்தது. அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டுத் தொழில். உள்ளூர் அறிவு, கைவினை, வாழ்வோடு இயைந்த கல்வி என்று இன்றைய கருத்தரங்குச் சொற்களில் எழுதிப் பார்த்தால் அது எவ்வளவு அழகான பின்நவீனத் திட்டம்! குலக்கல்வி என்று பெயர் வைத்து அதைத் தமிழ்நாடு விரட்டியது. செருப்புத் தைப்பவர் மகனுக்கு உள்ளூர் அறிவு வேண்டாம், பாரிசில் உள்ளவனுக்குக் கிடைக்கும் அறிவே வேண்டும் என்ற பெருங்கதைதான் வென்றது. பிறகு மதிய உணவு வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதன் குவார்ட்டர்ஸ்களில் வளர்ந்த பிள்ளைகள் படித்து மேலே போனார்கள்.

அந்தக் கதையில் ஓட்டைகள் உண்டு. யார் போனார்கள், யார் வாசலிலேயே நின்றார்கள் என்று நிறப்பிரிகைக்காரர்கள் கேட்டதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனால் ஓட்டையைக் காட்டுவதும் கப்பலே பொய் என்பதும் வேறு வேறு. படித்தால் மேலே வரலாம் என்பதை மூவூரில் இன்றும் நம்பாத வீடில்லை. அந்த நம்பிக்கையைத்தான் ஃபவுண்டேஷன், கிராஷ், இன்டக்ரேட்டட் என்று துண்டு போட்டு விற்கிறார்கள். இதற்குத் தத்துவம் காரணமில்லை. தத்துவம் எச்சரித்தது, சந்தை குறிப்பெடுத்துக்கொண்டது.

கடைசியாக, இவ்வகைகள் எதிலும் அடங்காத ஓர் இடம் பூவிருந்தவல்லியில் உண்டு. அங்கே பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கு படிக்கும் பிள்ளைகள் பொதுத் தேர்வில் வாயால் விடை சொல்ல, பக்கத்தில் ஒருவர் கையால் எழுதுவார். எழுத்து ஒருவருடையது, விடை இன்னொருவருடையது. எழுதியவர் யார் என்று பார்த் கேட்ட கேள்விக்கு அந்த அறையில் குழப்பமே இல்லை. மதிப்பெண் சொன்னவருக்கு. எழுதுபவர் ஒரு சொல்லைத் திருத்தினாலும் தப்பு, ஒரு சொல்லை விட்டாலும் தப்பு. இன்னொருவரின் அறிவுக்குத் தன் கையைக் கொடுத்துவிட்டு, தான் அறிந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தேர்வு முடியும்வரை உட்காரவேண்டும். ஆசிரியரின் அதிகாரத்தைத் துறப்பது பற்றிய பாடம் பி.எட். கைடில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இருக்கிறது, இங்கே செய்முறையாக இருக்கிறது.

பள்ளித் தேர்வுக்கு எழுதுபவரை அரசே ஏற்பாடு செய்யும். இதே பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின், செமஸ்டர் தோறும் எழுதுநர் கிடைக்காமல் அலைகிறார்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் அரைநாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள், கையெழுத்து தெளிவாக உள்ளவர்கள், அருகிலுள்ள கல்லூரியில் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.